அக்கா கேட்ட கறுப்பு

கோயில் மணி சாவுக்கு அடித்தபோது, செத்தவள் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் தின்றுகொண்டிருந்தாள்.

செத்தவள் என்றால் என் அக்கா கிரேஸ்பாய். நான் அப்போதுதான் ஆட்டோவிலிருந்து இறங்கி, பிரேம் போட்ட அவளுடைய கறுப்பு வெள்ளைப் படத்தை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் சபையில் ஆராதனைக்கு மணி அடிப்பது வேறு, சாவுக்கு அடிப்பது வேறு. சாவு மணி ஒற்றை ஒற்றையாக விழும். ஒன்று அடித்து, அதன் ஓசை ரப்பர் தோட்டத்தைத் தாண்டிப் போய் அடங்கிய பிறகுதான் அடுத்தது.

வாய்க்குக் கொண்டுபோன கிழங்கை நிறுத்திவிட்டு அக்கா காது கொடுத்தாள்.

"ஆருலே போனது?"

"தெரியல்லியே எக்கா."

"ஆரோ வேண்டப்பட்ட ஆளாக்கும். இன்னைக்கு நேரத்துக்கு அடிக்கான் பாரு" என்று சொல்லிவிட்டு மீன் முள்ளை ஒதுக்கினாள்.

அது அவளுக்குத்தான் அடிக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. எல்லாவற்றுக்கும் காரணம் நான் வாங்கிய பிரிண்டர். ஆகவே அங்கிருந்து தொடங்குவதுதான் முறை.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் நான் கேமரா வாங்கிய கதையைப் படித்துவிட்டு தக்கலையிலிருந்து ஒரு வாசகர் போனில் கூப்பிட்டார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ரிட்டயர்டு ஆன மனுஷனுக்கு இந்தக் கறுப்பு வெள்ளைப் பைத்தியம் தேவையா என்று கேட்டார். தேவையில்லைதான். தேவையானதையெல்லாம் வாங்கி முடித்த பிறகுதானே ஓய்வூதியம் வரத் தொடங்குகிறது.

ஒரு ஆணி

அக்காவுக்கு இருதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருந்தது. ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்று திருவனந்தபுரத்து டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகள் ஷீபா மஸ்கட்டில் நர்ஸ். அவள் தினமும் போனில் என்னிடம் அழுதாள்.

"மாமா, அம்மைய எப்பிடியாவது ஆஸ்பத்திரியில கொண்டு சேத்திருங்க. ஒவ்வொரு நாளும் ஆபத்தாக்கும்."

அக்கா வரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரு நிபந்தனைதான் வைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் தன்னுடைய படம் தயாராகி, அதைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

"நான் செத்த பெறகு நீங்க என்ன செய்வியன்னு எனக்குத் தெரியும். ஷீபாவுக்க கல்யாணப் படத்தில இருந்து என்னை மட்டும் வெட்டி எடுத்து, பொறத்தால நீலக் கடலும் புறாவும் போட்டு ஜங்ஷன்ல பிளெக்ஸ் வைப்பிய. அதில சம்மந்திக்காரிக்க கை எனக்க தோளில கெடக்கும். ஆருக்க கையின்னு ஊரு முழுக்கக் கேக்கும்."

இதை நான் மறுக்க முடியாது. எங்கள் ஜங்ஷனில் அப்படி அனாதைக் கைகளோடு எத்தனையோ பேர் கர்த்தருக்குள் நித்திரை அடைந்திருக்கிறார்கள்.

அக்கா வீட்டு ஹாலில் அத்தானின் படம் தொங்குகிறது. அத்தான் ஞானதாஸ் பள்ளிக்கூட வாத்தியார். நாற்பதைத் தொடுவதற்குள் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். குழித்துறைச் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூடியோவில் எடுத்த படம் அது. சட்டையின் மேல் பொத்தானைப் போடும்படி ஸ்டூடியோக்காரர் சொன்னதற்குக் கோபப்பட்டு, முகத்தை வலது பக்கமாகத் திருப்பி முறைத்திருக்கிறார். அந்தக் கோபம் இத்தனை வருஷமாகியும் மங்கவில்லை. கறுப்பு மட்டும் கொஞ்சம் பழுத்து, சுக்குக் காப்பி நிறத்துக்கு வந்துவிட்டது.

அவர் முறைக்கிற திசையில், ஒரு முழம் தள்ளி, சுவரில் ஓர் ஆணி. அத்தான் படத்தை மாட்டிய அன்றைக்கே அக்கா அதையும் அடிக்கச் சொல்லிவிட்டாள். ஒரு சோலிக்கு இரண்டு தடவை சுவரைக் குத்தக் கூடாது என்பது அவள் கொள்கை. இவ்வளவு காலமும் அதில் சபைக் காலண்டர் தொங்கியது.

"அவியளுக்க படம் என்ன கறுப்போ, அதே கறுப்பு எனக்கும் வேணும். ஒரு வீட்டு ஆளுவன்னு தெரியணும்."

இவ்வளவுதானா என்று நினைத்துவிட்டேன்.

ஜெராக்ஸ் போதுமே

மார்த்தாண்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை. கறுப்பு வெள்ளைப் படம் எடுக்க நல்ல பிரிண்டர் வேண்டும் என்றேன்.

"கறுப்பு வெள்ளைக்கு ஜெராக்ஸ் போதுமே சார்" என்றார் கடைக்காரர்.

"போட்டோவாக்கும் வேய்."

"போட்டோன்னா கலர்லதானே சார் எடுப்பாவ? கலர் பிடிக்காதா?"

கலர் பிடிக்காத ஆள் என்று என்னைப் பார்த்த பார்வையில் ஒரு அனுதாபம் இருந்தது. பிறகு அவர் ஒரு பிரிண்டரைக் காட்டினார். கறுப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று நான்கு மைத் தொட்டிகள். பிள்ளைகளின் பள்ளிக்கூட பிராஜெக்டுக்கு ஊரெல்லாம் இதைத்தான் வாங்குகிறார்களாம். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. மற்ற மூன்றையும்விடக் கறுப்பு மை பாட்டில் நல்ல பருமனாக இருந்தது. கறுப்பு வெள்ளை ஆசாமிக்கென்றே செய்தது என்று நம்பி, சந்தோஷமாக வாங்கி வந்தேன்.

படம் எடுக்கிற வேலை சுலபமாக முடிந்தது. அக்காவை வாசல் நடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். சிரிக்கச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து பக்கத்து வீட்டுக் கோழி அவள் நட்டிருந்த கத்திரிக் கன்றைக் கிண்டத் தொடங்கியது. அக்கா முகத்தை இடது பக்கம் திருப்பி அதை ஒரு முறை முறைத்தாள். அந்த நொடியில் அழுத்தினேன். கோழி தப்பித்துவிட்டது. படம் பிரமாதமாக அமைந்துவிட்டது.

முதல் பிரிண்டை அக்கா ஹால் டியூப்லைட்டின் கீழே பிடித்துப் பார்த்தாள்.

"என்னை ஏன்லே தவளை ஆக்கினே?"

பார்த்தேன். பச்சைதான். கன்னம், சேலை, தலைமுடி எல்லாவற்றிலும் குளத்துப் பாசி படிந்தது போன்ற ஒரு பச்சை. அக்கா எழுந்து முற்றத்து வெயிலுக்குப் போனாள். அங்கே பார்த்தால் பச்சை போய் இளஞ்சிவப்பு வந்திருந்தது.

"இந்த வெட்டத்தில ரோஸ் பவுடர் போட்டிருக்கு. செத்தவளுக்கு எதுக்கு பவுடர்?"

வெட்டம் என்றால் எங்கள் பக்கத்தில் வெளிச்சம். அதன் பிறகு அவள் ஒவ்வொரு பிரிண்டையும் ஹால் வெட்டம், முற்றத்து வெட்டம், அடுக்களை வெட்டம் என்று மூன்று இடத்திலும் சோதித்துத்தான் தீர்ப்புச் சொன்னாள்.

விசாரித்ததில் விஷயம் புரிந்தது. அந்தப் பெரிய பாட்டில் கறுப்பு, எழுத்து அச்சடிக்க மட்டும்தான். உள்ளே போட்டிருப்பது பளபளப்பான போட்டோ காகிதம் என்று சொன்னால், பிரிண்டர் அந்தக் கறுப்பைத் தொடுவதே இல்லை. நீலத்தையும் சிவப்பையும் மஞ்சளையும் கலந்து தானாக ஒரு கறுப்பைச் சமைக்கிறது. கலப்பில் ஒன்று சற்றுக் கூடினாலும் நிறம் தட்டும். விளக்குக்கு விளக்கு அது வேறாகத் தெரியும். கலரே இல்லாத படத்துக்குக் கலர் மையெல்லாம் காலியாகிறது, கறுப்புத் தொட்டி மட்டும் வாங்கிய அன்றைக்கு இருந்தபடி நிறைந்து நிற்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

எள்ளும் மணலும்

சரி, கலரே வேண்டாம், வெறும் கறுப்பை மட்டும் வைத்து அடி என்று அதட்டினேன். சாதாரணக் காகிதம் என்று பிரிண்டரிடம் பொய் சொன்னால் அதற்கும் வழி உண்டு. நிறம் தட்டவில்லை. ஆனால் ஒரே ஒரு கறுப்பை வைத்துக்கொண்டு சாம்பல் நிறத்தைக் காட்ட வேண்டுமென்றால், புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. அக்காவின் கன்னம் முழுக்க எள்ளைத் தூவியது மாதிரி ஆகிவிட்டது.

"அம்மை போட்டிருக்குன்னு நெனச்சு ஒருத்தரும் பக்கத்தில வரமாட்டாவ" என்றாள் என் மனைவி லில்லி.

அந்த முறையில் நன்றாக வந்த படம் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மண்டைக்காட்டு அம்மன் கொடைத் திருவிழாக் கூட்டம் கலைந்த மறுநாள் கடற்கரையில் வெறும் மணலை எடுத்தது. மணலுக்குப் புள்ளி வேண்டும்தானே.

இந்த இடத்தில் ஆரல்வாய்மொழியைப் பற்றிச் சொல்லாவிட்டால் லில்லி கோபித்துக்கொள்வாள். அங்கே வேலை பார்த்த காலத்தில் பிடித்த பழக்கம், இன்றைக்கும் மாதம் ஒரு முறை போய்க் காற்றாலைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்து வருவேன். வீட்டில் அலமாரி நிறையக் காற்றாடி. லில்லி கேட்பாள்: "எல்லாப் படத்திலயும் ஒரே காத்தாடிதானா? வேற வேறயா?" வேறு வேறு என்று எவ்வளவு சொன்னாலும் நம்பமாட்டாள். அந்தப் படங்களை அடித்தபோது வானத்தில் குறுக்கே வேட்டிக் கரை மாதிரி கோடு கோடாக விழுந்தது. அப்போதுதான் இன்னொரு உண்மை தெரிந்தது. பிரிண்டரை நாலைந்து நாள் சும்மா போட்டால், மை வருகிற துளைகள் காய்ந்து அடைத்துக்கொள்ளும். கறவை மாட்டைப் போல, தேவை இருக்கிறதோ இல்லையோ, கறந்தாக வேண்டும்.

மூன்று கறுப்பு

கடைசியில் எர்ணாகுளத்திலிருந்து ஒரு பெரிய பிரிண்டரை வரவழைத்தேன். கம்பெனிப் பெயரை எழுதமாட்டேன், அவர்கள் எனக்குச் சும்மா தரவில்லை. அதில் கறுப்பு, சாம்பல், வெளிர்ச் சாம்பல் என்று கறுப்புக் குடும்பத்திலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். மூன்றும் இருப்பதால் எள்ளுத் தூவ வேண்டியதில்லை, கலர் மைகளின் தயவும் அதிகம் தேவையில்லை. நிறம் தட்டுவது பெரும்பாலும் நின்றுவிடும். மையும் தண்ணீரில் கரைகிற சாயம் அல்ல, நுண்ணிய பொடியால் ஆனது. வெயிலுக்கும் காற்றுக்கும் எளிதில் மங்காது.

"ஒரு கறுப்புக்கு மூணு மையா? நீ என்ன, படம் எடுக்கியா, சாயப்பட்டறை வைக்கியா?" என்றாள் அக்கா.

"இது மூணு தலைமுறைக்கு மங்காது எக்கா."

"அம்புட்டு நாள் எனக்க மொகத்தை ஆரு பாக்கப் போறாவ?"

லில்லி வேறு கணக்குப் போட்டாள். அந்த இயந்திரம் அடைத்துக்கொண்ட இடத்தில் ஒரு கன்றுக்குட்டியைக் கட்டியிருக்கலாம் என்றாள். நான் இரண்டு பேரையும் கண்டுகொள்ளவில்லை.

காகிதத்தை அக்காவே தேர்ந்தெடுத்தாள். கட்டுக் கட்டாக முன்னால் வைத்தேன். சேலைக் கடையில் செய்வது போல ஒவ்வொன்றையும் விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தாள். பளபளப்புக் காகிதத்தில் டியூப்லைட்டின் நிழல் விழுந்து மூக்கை மறைத்தது, அதைத் தள்ளினாள். பஞ்சில் செய்த, பளபளப்பில்லாத ஒரு காகிதம் பிடித்துவிட்டது. அதற்குத் தனிக் கறுப்பு மை மாற்ற வேண்டும். மாற்றினேன்.

அடித்துவந்த படத்தைப் பார்த்து நான் அசந்துபோனேன். பச்சையும் இல்லை, ரோஸும் இல்லை. சேலையின் மடிப்பு, நெற்றிச் சுருக்கம், கோழி மேல் உள்ள கோபம், எல்லாம் துலக்கமாக இருந்தன. அக்கா மூன்று வெட்டத்திலும் பார்த்தாள். அத்தான் படத்துக்குக் கீழே நின்று ஏற இறங்கப் பார்த்தாள்.

"இது பத்தாது" என்றாள்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "எக்கா, ஆபரேஷனுக்குப் பயந்து சாக்குச் சொல்லுதியா? இதில என்ன கொறை? கறுப்பு கறுப்பாத்தானே இருக்கு?"

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

"அவியளுக்கு அந்தப் படத்தில என்ன பிராயம்லே?"

"நாப்பது ஆகல்ல."

"எனக்கு இதில?"

அவள் எழுபதைத் தாண்டி நாலைந்து வருஷம் ஆகிறது.

"பக்கத்தில மாட்டினா அம்மையும் மகனும்னு சொல்லுவாவ. நீ அடிச்ச படத்தில ஒவ்வொரு சுருக்கமும் எண்ணி எடுக்கலாம்."

"அப்ப ஒனக்க கல்யாணப் படத்தில இருந்து எடுத்திருவோம். சின்ன வயசுதானே."

"அது நானா?" அக்காவின் குரல் ஒரேயடியாக உயர்ந்தது. "மேல போயி நிக்கம்போ அவியளுக்கு என்னை அடையாளம் தெரியாண்டாமா? இந்தப் படத்தைத்தானே தெனமும் எதிரில பாத்துக்கிட்டு இருக்கப் போறாவ? நான் கெழவியானதைக் கொஞ்சம் கொஞ்சமாட்டு அவியளும் பாத்துப் பழகணும். அடையாளமும் தெரியணும், அம்மைன்னு நெனச்சிரவும் பிடாது. அதுக்குத்தான் ஒரே கறுப்பு கேக்கேன். ஒரே நெறத்தில இருந்தா ஒரே காலத்து ஆளுவன்னு தோணும்லியா?"

இவ்வளவு நாளும் அவள் மையைப் பற்றிப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து, பிரிண்டரின் அமைப்பில் கறுப்பைக் கொஞ்சம் பழுப்புப் பக்கமாகத் திருப்பி, மறுபடியும் அடித்தேன். பிறகு இன்னும் கொஞ்சம் திருப்பி அடித்தேன்.

ஒரு படத்தைப் பார்த்து அக்கா, "கொள்ளாம்" என்றாள், நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சொல்லுக்காக நான் எத்தனை காகிதத்தைப் பாழாக்கினேன் என்று லில்லிக்குத் தெரியாது. "ஆனா ஆணியில கெடக்கும்போ பாத்துத்தான் முடிவு சொல்லுவேன்" என்று ஒரு கொக்கியும் போட்டுவைத்தாள்.

இடம் விட்டு வைக்கட்டா?

பிரேம் கடைக்காரர் படத்தை வாங்கி, மரியாதையாக ஒரு நிமிஷம் மௌனமாக நின்றார். எங்கள் ஊரில் கறுப்பு வெள்ளைப் படம் என்றால் ஆள் இல்லை என்று அர்த்தம்.

"அம்மா எப்ப தவறினாவ சார்?"

"அக்காவாக்கும். தவறல்ல. வீட்டில இருக்கா."

அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப கீழ பெறந்த தேதி, மறைஞ்ச தேதி போட வேண்டாமா?"

"ஒண்ணு இருக்கு. ஒண்ணு இன்னும் கிட்டல்ல."

"அப்ப அதுக்கு எடம் விட்டு வைக்கட்டா?"

நான் விழித்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அவர் பிறந்த தேதியைப் பொன்னிற எழுத்தில் போட்டு, ஒரு கோடு இழுத்து, அந்தப் பக்கம் காலியாக விட்டுவிட்டார். மொத்தத்தையும் பட்டையான கறுப்புச் சட்டத்துக்குள் அடைத்தார்.

கண்ணாடி அழுந்தக் கூடாது என்பதால் ஆட்டோவில் படத்தை மடியில் நிமிர்த்தி, முகம் வெளியே தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டேன். வெயில் கண்ணில் குத்தியதால் முகத்தையும் சுளித்துக்கொண்டேன். அப்படியே கோயில் வாசலைக் கடந்து போனோம்.

மணி

எங்கள் கோயில் மணி அடிப்பவர் யேசுவடியான். சில மாதங்களுக்கு முன்னால் ஒரு சாவுக்கு அவர் மணி அடிக்க நேரமாகிவிட்டது. குழி வெட்ட ஆள் போன பிறகுதான் மணி கேட்டது. அக்கா பெண்கள் ஐக்கியத்தின் தலைவி. சபைக் கமிட்டியில் எழுந்து, "பிரேதத்தை மொதல்ல எடுத்துட்டுப் போயி, பெறகு மணி அடிச்சுத் தெரிவிக்க சபை இது ஒண்ணுதான்" என்று ஒரு பிடி பிடித்துவிட்டாள். போதகர் முதல் எல்லாரும் சிரித்தார்கள். யேசுவடியான் மட்டும் சிரிக்கவில்லை.

அன்றைக்கு அவர் கோயில் வாசலில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். ஆட்டோ போகிறது. மடியில் கறுப்புச் சட்டத்துக்குள் கிரேஸ்பாய். பின்னால் சுளித்த முகத்தோடு தம்பி. அவள் ஆபரேஷனுக்குப் போக இருக்கிறாள் என்பது ஊருக்கே தெரியும். யேசுவடியான் பீடியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்துவிட்டார். இந்தச் சாவுக்காவது நேரமாகிவிட்டது என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. அதிலும் இவள் சாவுக்கு.

அக்கா கை கழுவ எழுந்தபோது முற்றத்தில் அழுகைச் சத்தம் கேட்டது. மேலத்தெரு ரோஸ்லெட் மாரில் அடித்துக்கொண்டு, "எனக்க எக்கா, என்னை விட்டுட்டுப் போனியே" என்று ஓடிவந்தவள், நடையில் மீன்குழம்புக் கையோடு அக்கா நிற்பதைக் கண்டு பாதியில் நின்றுபோனாள். அழுகையை எங்கே கொண்டு வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எக்கா... நீ சாகல்லியா?"

"இல்ல பிள்ளே. அடுக்களையில கெழங்கு கெடக்கு, எடுத்துத் தின்னு."

அடுத்த அரைமணி நேரத்தில் ஊர் பாதி வந்துவிட்டது. வந்தவர்கள் எல்லாரும், சாகவில்லை என்பதில் சந்தோஷப்பட்டாலும், வேலையைப் போட்டுவிட்டு வந்ததற்கு ஒரு நியாயம் கிடைக்காத மாதிரி முற்றத்தில் நின்றார்கள். பிளெக்ஸ் கடைக்காரர் எனக்குப் போன் செய்து படம் அனுப்பச் சொன்னார், கடல் வேண்டுமா புறா வேண்டுமா என்று கேட்டார். அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து யார் யார் வந்தார்கள், யார் யார் வரவில்லை என்று பார்த்தாள். எனக்கு அவளை இவ்வளவு உற்சாகமாகப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

யேசுவடியான் தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றார்.

"எக்கா, தெரியாம..."

"பரவால்ல லே. இன்னைக்குத்தான் நீ நேரத்துக்கு அடிச்சே. அடுத்த தடவையும் இதே போல அடிக்கணும், மறந்திராதே."

மஞ்சள் வெட்டம்

இதற்கு நடுவில் குழித்துறையிலிருந்து பந்தல்காரர் சசி வண்டியோடு வந்துவிட்டார். யார் போன் செய்தார்கள் என்று இன்றுவரை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் ஊருக்குப் புதியவர், எங்கள் குடும்பத்தைத் தெரியாது. கூட்டத்தைப் பார்த்தார், வேலையைத் தொடங்கிவிட்டார். யாரோ சொல்லவந்ததைக் காதில் வாங்காமல் நேராக ஹாலுக்குள் போனார்.

"டியூப்லைட் எல்லாம் கல்யாண வீட்டுக்குப் போயாச்சு. இன்னைக்கு மஞ்ச பல்புதான் இருக்கு, பொறுத்துக்கிடணும்" என்று சொல்லிக்கொண்டே முற்றத்துப் பந்தலுக்காக ஹாலில் இருந்த டியூப்லைட்டைக் கழற்றினார். அதே ஒயரிலிருந்து ஒரு இணைப்பை எடுத்து மஞ்சள் குண்டு பல்பைத் தொங்கவிட்டார். மெயினை அணைக்கவில்லை, ஒயர் முனையைப் பல்லால் கடித்து உரித்தார். ஆயுசு முழுக்க மின்வாரியத்தில் இருந்தவன் நான். கத்திக்கொண்டே உள்ளே ஓடினேன். அக்காவும் என் பின்னாலேயே வந்தாள்.

நாங்கள் போவதற்குள் அவர் நாற்காலியில் இருந்த படத்தையும் எடுத்துவிட்டார். காலண்டரைக் கீழே இறக்கி, அந்த ஆணியில் படத்தை மாட்டி, கோணலை நேராக்கிவிட்டுத் திரும்பினார்.

"ஐஸ் பெட்டி எங்க வைக்கணும் அம்மா?" என்று அக்காவிடமே கேட்டார்.

அக்கா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் பார்த்தேன். என் வாயிலிருந்த திட்டு அப்படியே நின்றுவிட்டது.

அந்த மங்கலான மஞ்சள் வெளிச்சத்தில் இரண்டு படத்துக்கும் ஒரே கறுப்பு. எது பழையது, எது நேற்று அடித்தது என்று தெரியவில்லை. மூன்று மையும் பஞ்சுக் காகிதமும் வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டில் குறைந்திருந்தது, ஒரு குண்டு பல்புதான்.

அக்கா மெதுவாகக் கேட்டாள். "தம்பி, நீ வெளியூரு. ஒண்ணு உள்ளது உள்ளபடி சொல்லு. இந்த ரெண்டு படத்தையும் பாத்தா யாரு எவருன்னு தோணுது? அம்மையும் மகனும்தானே?"

அந்த ஆள் என்ன சொல்கிறாரோ, அதில்தான் ஷீபாவின் அழுகையும் டாக்டரின் கண்டிப்பும் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். எந்தக் கமிட்டியிலும் யாருக்கும் பயப்படாதவள், பந்தல்காரரின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சசி இடுப்பில் கை வைத்துக்கொண்டு இரண்டு படங்களையும் பார்த்தார். வலது பக்கம் திரும்பி அத்தான் முறைக்கிறார். இடது பக்கம் திரும்பி அக்கா முறைக்கிறாள். நடுவில் ஒரு முழம் சுவர்.

"ஏது, அம்மையும் மகனுமா?" என்று சிரித்தார். "மாப்பிளையும் பெண்டாட்டியுமாக்கும். எந்த அம்மையும் மகனை இப்பிடி மொறைக்க மாட்டாவ. படம் எடுக்கப் போற வழியில ரெண்டு பேரும் நல்லாச் சண்டை போட்டிருக்காவ."

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள், மறுபடியும் சிரித்தாள். வெளியே நின்ற ரோஸ்லெட் அதைக் கேட்டு, இப்போது உண்மையிலேயே ஏதோ ஆகிவிட்டது என்று உள்ளே ஓடிவந்தாள்.

"லேய் தம்பி" என்றாள் அக்கா. "வண்டிய விளி. திருவனந்தபுரத்துக்குப் போவோம்."

கூடியிருந்த அத்தனை பேரும் சேர்ந்துதான் அவளைக் காரில் ஏற்றினார்கள். போதகர் ஜெபம் செய்தார். சாவுக்கு என்று வந்த கூட்டம் ஆபரேஷனுக்கு வழியனுப்பிவிட்டுத் திருப்தியாகக் கலைந்தது. கார் கிளம்பியபோது அக்கா கண்ணாடியை இறக்கி, "அந்த மஞ்ச பல்பை மட்டும் ஒருத்தரும் கழத்தப் பிடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஷீபா மஸ்கட்டிலிருந்து வந்து கூட இருந்தாள். சில வாரம் கழித்து அக்காவைக் கைத்தாங்கலாக வீட்டுக்குள் கூட்டிவந்தோம். ஹாலில் அதே குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் வேதாகமத்தில் ஒரு வரி வாசிக்க முடியாது, இன்றைக்கும் அவள் அதை மாற்ற விடவில்லை.

உட்காரச் சொன்னோம். அவள் உட்காரவில்லை. சுவரருகே போய் ஆணியிலிருந்து தன் படத்தைத் தானே கழற்றி என் கையில் கொடுத்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. கீழே கிடந்த காலண்டரை எடுத்து, பழைய தாள்களைக் கிழித்துவிட்டு, ஆணியில் மாட்டினாள். பிறகு அத்தானை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னும் கொஞ்ச காலம் ஒத்தைக்கு மொறைச்சிட்டு இரியும்" என்றாள்.